பாதயாத்திரையில் விபத்தா? தாள் வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள்

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டி, பெங்களூரிலிருந்து காவி உடுத்திய குழுக்கள் வேளாங்கண்ணிக்கு நடக்கின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி என்று இறங்கி, நாகப்பட்டினத்தில் கடலோரச் சாலையைப் பிடித்து, செப்டம்பர் 8 பெருவிழாவுக்குள் போய்ச் சேர வேண்டும். முன்னால் மாதா சொரூபமும் மைக் செட்டும் ஏற்றிய தள்ளுவண்டி, பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வருகிறவர்கள். வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னே நடக்கிறார்கள். அந்த இருட்டில் காவித்துணி லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது. நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். தள்ளுவண்டியின் முன்னும் பின்னும், கடைசி ஆளின் முதுகிலும் ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும். சொல்லிச் சொல்லி அலுத்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விபத்துக்குப் பிறகு நடக்கும் தவறு இன்னும் வேதனையானது. அடிபட்டவரை வேனில் ஏற்றி, "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று நேராகப் பெங்களூருக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். போலீசில் புகார் இல்லை, கையில் ஒரு தாளும் இல்லை. மாதங்கள் கழித்து இழப்பீடு கேட்கும்போது காட்ட ஒன்றும் இருப்பதில்லை.

முதலில் 108, அல்லது 112. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அந்த 'ஏ.ஆர். காப்பி'யைக் கேட்டு வாங்குங்கள். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டப்படி, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை ரூ.1.5 லட்சம் அளவுக்குப் பணமில்லாச் சிகிச்சை உண்டு. பிறகு எஃப்.ஐ.ஆர். அதன் நகல் இலவசம். "வண்டி நம்பர் இல்லாமல் எப்படிப் பதிவது?" என்று திருப்பி அனுப்பும் காவலருக்குப் பணிந்து வந்துவிடாதீர்கள். நம்பர் தெரியாவிட்டாலும் பதிந்தே ஆக வேண்டும். ஏற்கெனவே பெங்களூர் வந்துவிட்டவர்கள் இங்குள்ள காவல் நிலையத்திலேயே 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' கொடுக்கலாம். எல்லை எங்களுடையதல்ல என்று தட்டிக்கழிக்க, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடமில்லை.

எந்த அலுவலகம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இடித்த வண்டி எது என்று தெரிந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவின்படி, விபத்து தமிழ்நாட்டில் நடந்திருந்தாலும் மனுதாரர் குடியிருக்கும் பெங்களூரிலேயே மனுப் போடலாம். இங்கே சிறு வழக்கு நீதிமன்றத்தில்தான் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இயங்குகிறது. சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி கடைசிவரை தெரியவில்லையா? அப்போது பெங்களூரில் மனுச் செல்லாது. விபத்து நடந்த வட்டத்துக்கே போக வேண்டும். அங்கே விசாரணை அலுவலராக நியமிக்கப்பட்ட கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியரிடம் படிவம் 1-ஐயும், உறுதிமொழியான படிவம் 4-ஐயும் கொடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனைச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, காயமுற்றவர், மனுதாரர் இருவரின் அடையாள, முகவரிச் சான்று, வங்கிப் பாஸ்புக் நகல் ஆகியவற்றை இணையுங்கள். அலுவலர் ஒரு மாதத்தில் அறிக்கை தர வேண்டும். மாவட்ட ஆட்சியர் 15 நாளில் ஆணையிட வேண்டும். இறப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. எலும்பு முறிவும் கொடுங்காயம்தான்.

2022-இல் நாட்டில் 67,387 இடித்துவிட்டு ஓடிய விபத்துகள். 2022-23-இல் வந்த மனுக்களோ வெறும் 205. இதைப் பார்த்த உச்ச நீதிமன்றம், ஒரு மாதத்துக்குள் வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால் இந்த இழப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீசாரே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உத்தரவிட்டது. காவல் நிலையத்தில் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் முடித்து அனுப்பினால் மனுவை எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களும், வருமானம் எவ்வளவானாலும் பெண்களும், 15100 என்ற எண்ணில் அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி கிடைக்கும். புறப்படும் முன் குழுத் தலைவர் ஒவ்வொருவரின் ஆதார் நகலையும், வீட்டார் போன் எண்ணையும் ஒரே உறையில் போட்டுத் தள்ளுவண்டியில் வைத்துக்கொள்ளட்டும்.