உங்களுக்குத் தெரியுமா? பிள்ளைகளின் சிறுநீரகம்

● காலையில் எழும்போது குழந்தையின் இமைகள் உப்பியிருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். தூசி அலர்ஜி என்று கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறோம். நாலு நாள் தொடர்ந்தால் கண்ணை விட்டுவிட்டுச் சிறுநீரைப் பரிசோதியுங்கள். ரத்தத்தில் தங்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிவதுதான் நெஃப்ராடிக் சின்ட்ரோம். 2 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் அதிகம். படுத்திருக்கையில் முகத்தில் தேங்கும் நீர், நடமாடும்போது காலுக்கு இறங்கிவிடும். அதனால்தான் மாலையில் டாக்டரிடம் காட்டும்போது முகம் சாதாரணமாகத் தெரிகிறது.

● இந்த நோய் வந்த பிள்ளைகளில் 10க்கு 8 பேருக்கு மேல் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்குக் கட்டுப்படுகிறார்கள். முதல் தடவை, இந்திய வழிகாட்டுதல்படி 6 வாரம் தினமும், அடுத்த 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். பத்து நாளில் வீக்கம் வடிந்ததும், "ஸ்டீராய்டு ஆச்சே" என்று பயந்து பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து.

● ஒரு சளிக்காய்ச்சல் போதும், நோய் திரும்பலாம். அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க டிப்ஸ்டிக் என்ற சோதனைப் பட்டை இருக்கிறது. காலை முதல் சிறுநீரில் பட்டையை நனைத்தெடுத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மஞ்சளாகவே இருந்தால் நிம்மதி. பச்சை கூடக்கூடப் புரதம் கூடுகிறது. நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். பட்டையோடு வரும் நிற அட்டவணைப்படி மூன்று நாள் தொடர்ந்து 3+ என்றால் நோய் திரும்பிவிட்டது. அந்த நோட்டுதான் மருத்துவருக்கு மிகப் பெரிய உதவி. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதின்ம வயதைத் தாண்டுவதற்குள் நோய் விட்டுப்போகும்.

● தொண்டைப் புண் ஆறி ஓரிரு வாரம் கழித்தோ, சிரங்கு ஆறிச் சில வாரம் கழித்தோ சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகலாம். இந்தச் சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் முழுசாகக் குணமாகும். ஆனால் ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வரக்கூடும். குழந்தைக்கு பி.பி. பார்க்கச் சின்னப் பட்டை வேண்டும். பெரியவர்களுக்கான பட்டையைக் கட்டினால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும்.

● ஆண் குழந்தையின் சிறுநீர் வேகமாகப் பாயாமல் எப்போதும் சொட்டுச் சொட்டாகப் போனால், பாதையில் பிறவி அடைப்பு இருக்கலாம். கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சலா? சிறுநீர்த் தொற்றையும் சந்தேகப்படுங்கள்.

● டைஎத்திலீன் கிளைக்கால், இனிப்புச் சுவையுள்ள தொழிற்சாலை ரசாயனம். சிரப்பில் கலந்துவிட்டால் குழந்தையின் சிறுநீரகத்தை முடக்கிவிடும். 1937இல் அமெரிக்காவில் 100 பேருக்கு மேல் பலியான பிறகே, மறு ஆண்டு மருந்துச் சட்டம் கடுமையானது. ஆனால் சாவுகள் ஓயவில்லை. 2022இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப் குடித்த பிஞ்சுகள். நெஞ்சு பதறுகிறது. 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி சிரப் கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. சிரப் குடித்த குழந்தை வாந்தியெடுத்து, அரை நாளாகச் சிறுநீர் போகாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு.