கிணற்று நீரின் நைட்ரேட்டைக் காட்டும் செப்புத் துகள்

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் வீடுகள் நெருங்கிவிட்டன. மிச்சமிருக்கும் நிலங்களில் பயிர் செய்பவர்களுக்கு போர் தண்ணீர்தான் துணை. பயிர் எடுத்தது போக எஞ்சிய யூரியாவும், வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளின் கசிவும் நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேர்கின்றன. நைட்ரேட்டுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் நைட்ரேட் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையக்கூடும்.

சர்க்கரைப் பரிசோதனை போல

வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் பட்டை, மின்வேதியியல் முறையில்தான் இயங்குகிறது. அதே வழியில் நைட்ரேட்டையும் அளக்கலாம். சுத்தம் செய்த கார்பன் மின்முனையை, சிறிது கந்தக அமிலம் கலந்த மயில்துத்தக் கரைசலில் வைத்து, குறைந்த எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் செம்பு நுண்துகள்களாகப் படியும். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. துகள் அந்த அளவில் இருந்தால், கொஞ்சம் செம்பிலேயே வினை நடக்கும் பரப்பு அதிகம் கிடைக்கும். இந்த மின்முனையைத் தண்ணீரில் வைத்து மின்னழுத்தம் கொடுக்கும்போது, செம்பின் மேல் நைட்ரேட் எலக்ட்ரான்களைப் பெற்று மாறுகிறது. நைட்ரேட் கூடினால் மின்னோட்டமும் கூடும்.

சிக்கலும் உண்டு. காற்றுபட்டால் செம்பு கறுக்கும். மாமல்லபுரம் கடலோரம் போன்ற உப்புத் தண்ணீரில் குளோரைடு அளவீட்டைக் குழப்பும். அதனால் அதே தண்ணீரில் தெரிந்த அளவு நைட்ரேட்டைச் சேர்த்து மறுபடி அளந்து, கணக்கைச் சரிசெய்ய வேண்டும்.

உரச் செலவில் ஒரு கணக்கு

45 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள தண்ணீரை ஒரு ஏக்கருக்கு மொத்தம் 10 சென்டிமீட்டர் பாய்ச்சினால், சுமார் 4 கிலோ தழைச்சத்து, அதாவது ஏறக்குறைய 9 கிலோ யூரியா, தண்ணீரோடு வயலுக்கு வந்துவிடுகிறது. காய்கறி, கீரை சாகுபடியில் இதைக் கழித்து மேலுரம் இடலாம். நீர் தேங்கும் நெல் வயலில் நைட்ரேட் கணிசமாகக் காற்றில் போய்விடும் என்பதால் அங்கே முழுதாகக் கழிக்கக் கூடாது. கீரைக்குக் கழிக்காமல் கூடுதலாக இட்டால், இலையிலேயே நைட்ரேட் சேரும்.

இப்போது செய்ய வேண்டியது

மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி நிரப்புங்கள். வெயில் படாமல் அன்றைக்கே தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை பார்ப்பது நல்லது. அளவு மீறியிருந்தால், அந்தக் கிணற்று நீரைக் கைக்குழந்தைக்குக் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள்.