சீட்டை ஏற்றி இறக்கவா இத்தனை ஆயிரம்?

ரோடு சைக்கிள் வாங்குகிறவர்கள் விலையோடு சேர்த்துக் கேள்விப்படும் இன்னொரு செலவு ஃபிட்டிங். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்கச் சொல்வார்கள். மூட்டுகளில் குறியிட்டு, கேமராவில் கோணங்களை அளப்பார்கள். பிறகு சீட்டின் உயரம், ஹேண்டில்பாரின் தூரம், ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட்டின் இடம் எல்லாவற்றையும் திருத்துவார்கள். இரண்டு மூன்று மணி நேர வேலை. இங்கே கட்டணம் சில ஆயிரம் ரூபாய். அமெரிக்காவில் 200 முதல் 400 டாலர் வரை சாதாரணம். ஒரு ஆலன் கீயால் முடிகிற காரியத்துக்கு இவ்வளவா என்று கேட்பது நியாயம்தான். பலருக்கு அந்த ஆலன் கீயே போதும் என்பதே என் கருத்தும். ஆனால் விடாத வலி உள்ளவருக்கும், நெடுந்தூரம் ஓட்டுபவருக்கும், உடலளவில் சராசரியிலிருந்து விலகியவருக்கும் இந்தப் பணம் வீண் போகாது. அவர்களும் பணம் கொடுப்பது கேமராவுக்காக இருக்கக் கூடாது. பார்க்கத் தெரிந்த கண்ணுக்காக இருக்க வேண்டும்.

அளவுகளை மட்டும் நம்ப முடியாது என்பதற்குச் சீட்டின் உயரமே சாட்சி. பெடலிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உட்கால் நீளத்தில் 109 சதவீதம் இருக்கட்டும் என்று 1967இல் ஹேம்லி, தாமஸ் என்ற ஆய்வாளர்கள் சொன்னார்கள். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரிடமிருந்து வந்து, அமெரிக்க வீரர் கிரெக் லெமண்டின் பெயரால் பரவிய கணக்கு வேறு: உட்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கினால், பெடலைத் தாங்கும் கிராங்கின் சுழல் மையத்திலிருந்து சீட் வரையிலான உயரம் கிடைக்கும். உட்கால் 80 செ.மீ., கிராங்கின் நீளம் 17 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 109 சதவீதத்தில் கிராங்கைக் கழித்தால் 70.2 செ.மீ.; லெமண்ட் கணக்கில் 70.6. ஏறக்குறைய ஒன்றுதான். உட்கால் 70 செ.மீ. ஆனால் முதல் கணக்கு 59.3 என்கிறது, அடுத்தது 61.8 என்கிறது. இரண்டரை செ.மீ. வித்தியாசம் முழங்காலுக்குச் சின்ன விஷயமல்ல. நடுத்தர நீளக் கால்களில் ஒத்துப்போகும் சூத்திரங்கள் குட்டையான கால்களில் கைவிட்டுவிடுகின்றன. ஐந்தடி ஓரங்குல உயரமுள்ள பெண்கள் பலர் இந்த 70 செ.மீ. கணக்கில்தான் வருவார்கள். எல்லோருக்கும் பொது என்று சொல்லப்படும் அளவு யாரை மனதில் வைத்துப் போட்டது என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அதனால்தான் ஆய்வுகள் நீளத்தை விட்டுக் கோணத்தைப் பிடித்தன. பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்க வேண்டும் என்பது பரவலான வரையறை. 2011இல் பினியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட மதிப்பாய்வு 25 முதல் 30 என்று அதைச் சுருக்கியது. இதைச் செல்போனில் பக்கவாட்டில் வீடியோ எடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ‘யூடியூப் இருக்கும்போது ஃபிட்டர் எதற்கு’ என்பவர்கள் இதுவரை சரியாகவே சொல்கிறார்கள். சில தொல்லைகளுக்கு அளவெடுப்பே வேண்டாம், பொருளை மாற்றினால் போதும். சைக்கிளில் ரோந்து போகும் அமெரிக்கப் போலீசாரிடம் அந்நாட்டு அரசின் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனம் மூக்கில்லாத சீட்டைக் கொடுத்துப் பார்த்தது. 2008இல் வெளியான முடிவின்படி, பிறப்புறுப்பு மரத்துப்போவதே இல்லை என்றவர்கள் ஆறு மாதத்தில் 27 சதவீதத்திலிருந்து 82 சதவீதமானார்கள்.

வீடியோ கோணத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. முழங்காலின் முன்பக்க வலிக்குச் சீட் தாழ்ந்திருப்பது காரணமாகலாம், கிளீட் திரும்பியிருப்பதும் காரணமாகலாம். இடுப்பு வலி எட்டாத ஹேண்டில்பாரால் வரலாம், இறுகிப்போன தொடைத் தசையாலும் வரலாம். தவறான காரணத்தைத் திருத்தினால் வலி இன்னோர் இடத்துக்குக் குடிபெயரும். பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றிய நம் முன்னோர்கள் ஃபிட்டிங் பார்த்தா ஓட்டினார்கள் என்று கேட்கலாம். அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்கள். தட்டையான பெடலில் பாதம் தானாக நகர்ந்து தனக்கு வசதியான இடத்தைத் தேடிக்கொண்டது. கிளீட் பூட்டியபின் பாதத்துக்கு அந்தச் சுதந்திரம் பெரிதும் போய்விடுகிறது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவரின் ஒவ்வொரு காலும் மணிக்கு 5,400 முறை அதே தடத்தில் மடங்கி நீள்கிறது. சென்னையிலும் நடக்கும் பிரெவே எனப்படும் 200 கி.மீ. நெடுந்தூர ஓட்டங்களுக்கு 13.5 மணி நேர அவகாசம். ஒரு டிகிரி பிசகு அத்தனை ஆயிரம் முறை திரும்பினால் என்னவாகும் என்பதே அங்கே கேள்வி. தெருமுனைக் கடைக்குப் போய் வருபவருக்கு இந்தக் கவலை வேண்டாம்.

வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. நார்வேயில் கிளார்சனும் குழுவும் 109 தொழில்முறை வீரர்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். அளவுக்கு மீறிய உழைப்பால் வந்தவையாகப் பதிவான 94 காயங்களில் 45 சதவீதம் கீழ்முதுகு, 23 சதவீதம் முழங்கால். அணி மருத்துவரும் மெக்கானிக்கும் கூடவே இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால் ஃபிட்டிங்கால் என்ன பயன்? வலியை ஒழிப்பதாக ஃபிட்டர் வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம் என்பது மட்டும் இதிலிருந்து உறுதி. அவர்கள் ஓட்டும் தூரமும் குனிந்தே கிடக்கும் நேரமும் எந்த அளவுகோலையும் தோற்கடிக்கும். உடலும் ஒரே நிலையில் நிற்பதில்லை. 1969இல் ப்ளுவா நகரில் நடந்த விபத்துக்குப் பிறகு சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் சீட் உயரத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தார். உலகின் தலைசிறந்த வீரருக்கே ஒரு தடவையில் முடிந்துபோகாத வேலை இது.

ஆகவே ஃபிட்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, மூன்று வாரம் கழித்து வந்தால் மறுபடி பார்ப்பீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்பது. இந்தத் தொழிலுக்கு உரிமம் ஏதும் கட்டாயமில்லை. சான்றிதழ்கள் உண்டு, அவை விருப்பத்தின் பேரில் பெறுபவை. பழைய காயங்களையும் வாரத்தில் ஓட்டும் நேரத்தையும் கேட்காமல் நேராகக் கேமராவை எடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுபவரிடமும் அப்படித்தான். எது வேலை செய்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. பணம் கொடுப்பதென்று தீர்மானித்தவர் சைக்கிள் வாங்குவதற்கு முன்பே போவது லாபம். சீட்டை ஏற்றலாம், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாற்றலாம். ஃப்ரேம் பெரிதாகிப்போனால் ஃபிட்டர் செய்ய அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் தள்ளுபடியில் கிடைத்த அளவை வாங்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஃபிட்டரைத் தேடுகிறார்கள்.