சுடாமலே ஜெயிக்கும் குட்டி டாங்கி!



ஐஸ்பாய் விளையாட்டில் யார் கெட்டிக்காரர்? வேகமாக ஓடுபவரா? பலசாலியா? இரண்டு பேருமே இல்லை. கதவு இடுக்கில் மூச்சுச் சத்தம்கூட வராமல் நின்றுகொண்டு, தேடி வருபவரின் கால்களையே கவனித்துக்கொண்டு இருக்கிறாரே, அவர்தான்! அவர் எல்லோரையும் பார்க்கிறார். அவரை யாரும் பார்ப்பதில்லை.

இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு ஒரு டாங்கிச் சண்டையையே ஜெயிக்கலாம் என்றால் நம்புவீர்களா? நிஜச் சண்டை அல்ல. கம்ப்யூட்டர் சண்டை!

'வேர்ல்டு ஆஃப் டாங்க்ஸ்' என்ற ஆன்-லைன் விளையாட்டைப் பற்றித்தான் சொல்கிறோம். பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் 1998-ம் ஆண்டு தொடங்கப்பட்ட 'வார்கேமிங்' நிறுவனம் உருவாக்கியது. 2010-ல் ரஷ்யாவிலும், 2011-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியானது. பக்கத்துக்கு 15 டாங்கிகள். ஒவ்வொன்றையும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருப்பார். நேரம் 15 நிமிடம். எதிரணியின் எல்லா டாங்கிகளையும் வீழ்த்த வேண்டும், அல்லது அவர்கள் முகாமைப் பிடிக்க வேண்டும்.

புதிதாக விளையாடுபவர்கள் எல்லோரும் பெரிய டாங்கியைத்தான் கேட்பார்கள். நாம் இன்று பார்க்கப்போவது, யாரும் மதிக்காத குட்டி டாங்கியை!

தகர டப்பாவும் இரும்புக் கோட்டையும்

இந்த விளையாட்டில் வரும் 'எம்-24 சாஃபி' ஒரு லைட் டாங்கி. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-ல் அமெரிக்கப் படை நிஜமாகவே பயன்படுத்தியது. ஆட்னா சாஃபி என்ற அமெரிக்க ஜெனரலின் பெயரை இதற்கு வைத்தார்கள். எடை சுமார் 18 டன். உடம்பின் முன்பக்கக் கவசத்தின் கனம் 25 மில்லிமீட்டர். அதாவது இரண்டரை சென்டிமீட்டர்தான்!

ஜெர்மனியின் 'டைகர்' டாங்கியோ 50 டன்னுக்கும் மேல். முன்கவசம் 100 மில்லிமீட்டர். உங்கள் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 சென்டிமீட்டர் ஸ்கேலை எடுங்கள். அதில் 10 வரை தொட்டுப் பாருங்கள். அவ்வளவு கனத்துக்கு இரும்பு!

இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும்? டைகரின் 88 மில்லிமீட்டர் பீரங்கிக்கு முன்னால் சாஃபி ஒரு தகர டப்பா. புதியவர்கள் பலர், ஆட்டம் தொடங்கியதும் சாஃபியின் வேகத்தைப் பார்த்து குஷியாகி எதிரிகளின் நடுவில் போய் விழுவார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, டமால்! மீதி 14 நிமிடம் மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதைவிடக் கொடுமை, அவர் அணியின் மற்ற 14 பேருக்கும் அத்தோடு கண் போய்விடும்.

ஆமாம், லைட் டாங்கி என்பது அணியின் கண்!

எதிரே நிற்கும், ஆனால் தெரியாது!

இந்த விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. வெட்ட வெளியில் எதிரி டாங்கி நின்றாலும், உங்கள் அணியில் ஒருவராவது அதைக் 'கண்டுபிடிக்கும்' வரை அது திரையில் தெரியவே தெரியாது. யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிட்டால் போதும். அணியில் எல்லோருக்கும் தகவல் போய்விடும். மினி மேப்பில் சிவப்புக் குறி தோன்றும். தூரத்தில் காத்திருக்கும் பீரங்கிக்காரர்கள் குறிபார்த்துவிடுவார்கள்.

அப்படியானால் யார் யாரை முதலில் பார்ப்பது? அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பயப்படாதீர்கள், உங்களுக்குத் தெரிந்த கணக்குதான்!

ஒவ்வொரு டாங்கிக்கும் இரண்டு எண்கள். ஒன்று, பார்வை தூரம். இன்னொன்று, மறையும் திறன். பார்ப்பவரின் பார்வை தூரத்தில் 50-ஐக் கழியுங்கள். மறைபவரின் திறன் எத்தனை சதவீதமோ, அத்தனை சதவீதம் அதில் எவ்வளவு என்று பாருங்கள். அதைப் பார்வை தூரத்திலிருந்து கழித்தால், கண்டுபிடிக்கும் தூரம் கிடைத்துவிடும்.

ஓர் உதாரணம். எதிரியின் பெரிய டாங்கிக்குப் பார்வை தூரம் 400 மீட்டர். உங்கள் மறையும் திறன் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 400-ல் 50 போக 350. அதில் 30 சதவீதம் 105. நானூறில் நூற்றைந்து போனால் 295. ஆக, அவர் 295 மீட்டர் வந்தால்தான் உங்களைப் பார்க்க முடியும்.

இப்போது திருப்பிப் போடுவோம். உங்கள் பார்வை தூரம் 380. அவரோ மலை மாதிரி இருப்பவர். மறையும் திறன் 10 சதவீதம்தான். 380-ல் 50 போக 330. அதில் 10 சதவீதம் 33. மீதி 347. நீங்கள் 347 மீட்டரிலேயே அவரைப் பார்த்துவிடுவீர்கள்!

295-க்கும் 347-க்கும் நடுவே 52 மீட்டர் இருக்கிறது, பார்த்தீர்களா? அந்த இடத்தில் நின்றால் உங்களுக்கு அவர் தெரிவார். அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். அவருடைய பார்வை தூரம் உங்களுடையதைவிடப் பெரிது. ஆனாலும் ஏமாந்தவர் அவர்தான்! இந்த 52 மீட்டருக்குள் நிற்கத் தெரிந்தவர்தான் நல்ல வேவுக்காரர்.

வேவுக்காரரின் 6 தந்திரங்கள்

1. புதரே தோழன்: புதருக்குப் பின்னால் நின்றால் மறையும் திறன் எகிறும். உங்களுக்கு 15 மீட்டருக்குள் இருக்கும் புதர், உங்கள் கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போலத் தெரியும். எதிரிக்கு அது புதர்தான்!

2. சுடாதே: அந்தப் புதருக்குள் நின்று சுட்டால் போச்சு. புதர் இருந்தும் இல்லாதது போலாகிவிடும். சுட்டே ஆக வேண்டுமா? புதர் 15 மீட்டருக்கு அப்பால் போகும்வரை பின்னால் வந்து, பிறகு சுடுங்கள்.

3. அசையாதே: உருமறைப்பு வலை, தொலைநோக்கி இரண்டும் நின்ற இடத்தில் 3 விநாடி அசையாமல் இருந்தால்தான் வேலை செய்யும். டாங்கியின் தலைப்பகுதியை மட்டும் திருப்பலாம். உடம்பு நகர்ந்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

4. ஓட வேண்டிய நேரத்தில் ஓடு: மற்ற டாங்கிகள் நகர்ந்தால் அவற்றின் மறையும் திறன் குறைந்துவிடும். லைட் டாங்கிக்கு மட்டும் குறையாது. ஓடினாலும் நின்றாலும் ஒன்றுதான். இடம் மாற வேண்டும் என்றால் தயங்காதீர்கள்.

5. மரத்தைச் சாய்க்காதே: குறுக்கு வழி என்று மரத்தையும் வேலியையும் இடித்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் தெரியாவிட்டாலும் சாயும் மரம் எதிரிக்குத் தெரியும். 'அங்கே யாரோ இருக்கிறார்கள்' என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

6. பல்பு எரிந்தால் பறந்துவிடு: எதிரி உங்களைப் பார்த்துவிட்டால் திரையில் ஒரு பல்பு எரியும். ஆனால் அது 3 விநாடி தாமதமாகத்தான் எரியும்! அதற்குள் பல பீரங்கிகள் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். யோசிக்காமல் மேட்டுக்குப் பின்னால் இறங்கிவிடுங்கள். எதிரியின் கண்ணில் படாமல் 10 விநாடி இருந்தால் மறுபடி மறைந்துவிடுவீர்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். 50 மீட்டருக்குள் யார் வந்தாலும் எந்தத் தந்திரமும் பலிக்காது. நடுவில் சுவரே இருந்தாலும் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும்.

விரல் துடிக்கும் நேரம்

இப்போது உங்களை ஒரு போர்க்களத்துக்கு அழைத்துப் போகிறோம். பெயர் 'புரோகோரோவ்கா'. 1943-ம் ஆண்டு ஜூலையில் பெரிய டாங்கிச் சண்டை நடந்த ரஷ்ய ஊரின் பெயர் அது. ஒரு பக்கம் ரயில் பாதை. நடுவில் திறந்தவெளி. அங்கங்கே புதர்கள்.

உங்கள் சாஃபி ஒரு புதருக்குள் புகுந்து நிற்கிறது. 1... 2... 3... வலை விரிந்துவிட்டது. ஒன்றுமே நடக்கவில்லை. அரை நிமிடம் ஆகிறது. கொட்டாவி வருகிறது. "சும்மா ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாமா?" என்று மனசு கேட்கிறது.

திடீரென மினி மேப்பில் ஒரு சிவப்புக் குறி. இன்னொன்று. மூன்று! வெட்ட வெளியைக் கடக்கும் எதிரிகள். உங்கள் பின்னால் எங்கோ இருக்கும் நண்பர்களின் பீரங்கிகள் முழங்குகின்றன. முதல் டாங்கி புகைகிறது. மற்ற இரண்டும் எங்கிருந்து குண்டு வருகிறது என்று தெரியாமல் திண்டாடுகின்றன.

அதில் ஒன்று உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மவுஸில் விரல் துடிக்கிறது. ஒரே ஒரு குண்டு, அவ்வளவுதான்!

சுட்டால் உங்களுக்கு ஓர் அடி கிடைக்கும். உடனே புதரின் மறைப்பும் போய்விடும். நீங்கள் வீழ்ந்தால் மினி மேப்பில் அந்தச் சிவப்புக் குறிகளும் மறைந்துவிடும். உங்கள் 14 நண்பர்களும் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சுடாமல் இருந்தால்? அவர்கள் ஒவ்வொன்றாக வீழ்த்திவிடுவார்கள்.

விரலை எடுத்துவிட்டீர்களா? சபாஷ்!

"நான் ஒரு குண்டுகூடப் போடவில்லையே, எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறீர்களா? இதை உருவாக்கியவர்கள் அதையும் யோசித்திருக்கிறார்கள். நீங்கள் காட்டிக்கொடுத்த எதிரிக்கு நண்பர்கள் கொடுத்த அடியில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஆட்டம் முடிந்ததும் 'உதவிய சேதம்' என்று உங்கள் கணக்கில் அது தனியாக வரும்.

கவனம் குட்டீஸ்!

* அப்பா, அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் ஆன்-லைன் விளையாட்டைத் தொடங்க வேண்டும். எத்தனை ஆட்டம் என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

* உடன் விளையாடுபவர்கள் முகம் தெரியாதவர்கள். பெயர், பள்ளி, விலாசம், போன் நம்பர் எதையும் சொல்லாதீர்கள்.

* இலவச விளையாட்டுதான். ஆனால் உள்ளே காசு கொடுத்து வாங்கும் பொருட்களும் உண்டு. வீட்டுப் பெரியவர்களின் கார்டைத் தொடவே கூடாது!

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இன்று சாயங்காலம் தெருவில் ஐஸ்பாய் விளையாடும்போது 3-வது தந்திரத்தைச் செய்து பாருங்கள். யார் கடைசி வரை அகப்படாமல் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். என்ன, ரெடியா?