மாவுக்கட்டு அவிழ்த்த பிறகுதான் சிகிச்சை

ஜூன் 3 உலக வளைபாத தினம்; பிறவியிலேயே பாதம் உள்பக்கமாக வளைந்திருக்கும் குறைதான் வளைபாதம். முகாம் எங்கே, கட்டு எத்தனை வாரம் என்று விசாரித்து வந்த கடிதங்களுக்கு நடுவே பெற்றோர் பலரும் எழுப்பியிருப்பது ஒரே கேள்வி: "கட்டு அவிழ்த்தாச்சு, கால் நேராயிடுச்சு. இன்னும் எதுக்கு இந்தக் கம்பி வைத்த ஷூ?"

இந்தக் குழப்பத்துக்குப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சை தர 2013-இல் தொடங்கிய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் வளைபாதமும் அடக்கம். இது குணமாகக்கூடிய குறை என்று அரசு சொல்வதும் உண்மைதான். ஆனால் பதிவேட்டில் 'பாதம் திருத்தப்பட்டது' என்று எழுதினால், அன்றைக்கு அது நேராக இருந்தது என்று மட்டுமே பொருள்.

அமெரிக்காவின் அயோவாவில் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கிய முறையில், வாரம் ஒன்றாகப் பெரும்பாலும் ஐந்தாறு மாவுக்கட்டுகள் போடுவார்கள். பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டும் தேவைப்படும். பலர் இதைத்தான் சிகிச்சை என்று நினைக்கிறார்கள். ஆனால் பாதத்தை உள்ளே இழுத்த தசைநார்களின் இறுக்கம் இதோடு போய்விடுவதில்லை. குழந்தை வேகமாக வளரும் வருடங்களில் மறுபடியும் இழுக்கும். அதைத் தடுப்பது அந்த ஷூ ஒன்றுதான்.

அதன் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். கம்பியின் நீளம் ஏறத்தாழ குழந்தையின் தோள் அகலம். வளைந்திருந்த பாதம் வெளிப்பக்கமாக 60 முதல் 70 டிகிரி வரை திரும்பியிருக்கும். குறை ஒரு காலில் மட்டும் என்றாலும் நல்ல காலுக்கும் ஷூ உண்டு. அது 30 முதல் 40 டிகிரி. "நல்ல காலை ஏன் கட்டிப்போடணும்?" என்று ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். தனி ஷூ பாதத்தைப் பிடிக்கும், ஆனால் கால் மொத்தமாக உள்பக்கம் திரும்புவதைப் பிடிக்காது. வெளியே திருப்பி நிறுத்த ஓர் ஊன்றுகோல் வேண்டும். மறு கால்தான் அந்த ஊன்றுகோல்.

இன்னொன்று, குழந்தை உதைப்பது. நடுவில் லேசாக வளைந்த கம்பி பாதங்களை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்திருக்கும். அந்த நிலையில் முழங்காலை நீட்டி உதைத்தால் கெண்டைக்கால் சதை நீளும். பிசியோதெரபிஸ்ட் கையால் சில நிமிடம் செய்யக்கூடிய பயிற்சியை, குழந்தை விளையாட்டாக நாள் முழுக்கச் செய்துகொள்கிறது. அதனால்தான் இரண்டு காலையும் சேர்த்து உதைக்கப் பழக்கச் சொல்கிறார்கள்.

இந்த ஷூவை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் அணிய வேண்டும். பிறகு இரவிலும் பகல் தூக்கத்திலும், நான்கைந்து வயது வரை. ஒழுங்காக அணிந்தவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்குத்தான் வளைவு திரும்பியது, கைவிட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் என்று அயோவா மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, கட்டு அவிழ்த்த நாளில் வெற்றிக் கணக்கை முடிப்பது தவறு. குழந்தைக்கு நான்கு வயதாகும்போது பாதம் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

மற்ற கேள்விகள்:

எண்ணெய் தேய்த்து நீவினால் நேராகுமா? ஆகாது; காத்திருப்பதில் நல்ல வாரங்கள் போய்விடும்.

குதிகாலில் கொப்புளம்? ஷூ தளர்வாக இருந்து பாதம் உள்ளே வழுக்குவதால் வருவதே அதிகம், மாவட்ட இடையீட்டு மையத்தில் காட்டுங்கள்.

நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு இனி பயனில்லையா? உண்டு, கட்டுகள் கூடுதலாகலாம்.

கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனதாலா இந்தக் குறை? இல்லை. எந்தத் தாயும் அந்தப் பழியைச் சுமக்க வேண்டாம்.

கெண்டைக்கால் சற்று மெலிந்தே இருக்குமா? இருக்கலாம், ஓடவும் ஆடவும் அது தடையில்லை.

ஷூ விரைவில் சிறிதாகிவிடும். அடுத்த அளவு எங்கே, எப்போது, யாரிடம் கிடைக்கும் என்பதைக் கடைசிக் கட்டு அவிழ்க்கும் அன்றே மாவட்ட இடையீட்டு மையத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.