நாப்போலியில் ஓர் இரவுச் சாப்பாடு

வெளிநாடு செல்லும் பெண்கள் இரவுச் சாப்பாட்டுக்குக் கடை தேடும்போது, மற்றவர்கள் வழங்கிய நட்சத்திரங்களையே முதலில் எண்ணிப் பார்க்கின்றோம். நம்முடன் சாப்பிட வருபவர் யார், அவர் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பவற்றை அந்த நட்சத்திரங்கள் சொல்வதில்லை.

கடந்த வருடம் இத்தாலியின் நாப்போலி நகரில் சில நாட்கள் தங்கியிருந்தேன். இலங்கையர் பெருந்தொகையாக வாழும் நகரம் அது. நம் நாட்டுப் பெண்கள் பலர் அங்கு வீடுகளில் தங்கி முதியோரைப் பராமரித்து வருகின்றனர். அவர்களுள் ஒருவரான நீர்கொழும்புச் சகோதரி ஒருவரை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். வீட்டோடு தங்கிப் பணிபுரிவோருக்கு அங்கே பொதுவாக வியாழன் பிற்பகலும் ஞாயிறும் ஓய்வு. வியாழன் வருவதாகச் சொன்னார். ஆனால் மூதாட்டிக்கு மருந்து கொடுக்க எட்டரை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்றார்.

நாப்போலி பீட்சாவின் பிறப்பிடம். அதைச் செய்யும் கலையை யுனெஸ்கோ 2017இல் மனிதகுலப் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டது. எல்லோரும் புகழும் இரண்டு கடைகள் என் முன்னே இருந்தன.

முதலாவது 'தா மிக்கேலே'. 1870இல் ஆரம்பமானது. ஜூலியா ராபர்ட்ஸ் நடித்து 2010இல் வெளிவந்த திரைப்படத்தால் உலகெங்கும் அறியப்பட்டது. மார்கரீத்தா, மரினாரா என்னும் இரண்டு வகைகளுக்கே நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. வாசலில் இலக்கச் சீட்டு எடுத்துக் காத்திருக்க வேண்டும். முன்பின் அறியாதவர்களுடன் ஒரே மேசையில் அமரவும் நேரிடும்.

இரண்டாவது 'ஜினோ சொர்பில்லோ'. அக்குடும்பம் 1935இல் தொழிலைத் தொடங்கியது. பிள்ளைகள் 21 பேரும் பீட்சா செய்பவர்களானார்கள் என்பது அவர்கள் பெருமையோடு சொல்லும் கதை. பழைய நகரின் திரிபுனாலி வீதியில், கோயில்களுக்கும் சிறு கடைகளுக்கும் நடுவே அமைந்துள்ளது. வகைகள் ஏராளம். பீட்சாவோ தட்டின் விளிம்பைத் தாண்டி நிற்கும்.

சொர்பில்லோவில் முதல்நாள் நான் தனியாகச் சாப்பிட்டேன். சுவையில் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை. ஆற அமர இருந்து, விதவிதமாகத் தெரிவுசெய்து, பிறகு பழைய வீதிகளில் உலாவ நேரமுள்ளவர்களுக்கு அதுவே சிறந்தது. எங்களுக்கோ நேரம்தான் முக்கியம். தா மிக்கேலே மத்திய புகையிரத நிலையத்திலிருந்து கால்மணி நேர நடைதான். வகைகள் குறைவு என்பதால் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நாப்போலி முறைப்படி விறகுப் போறணையில் ஒரு பீட்சா வேக 60 முதல் 90 செக்கன்களே போதும். வரிசை நீளமானாலும் விரைவாக நகரும்.

நான் சைவம். தக்காளி, உள்ளி, ஒரேகானோ, எண்ணெய் மட்டும் சேரும் மரினாராவில் சீஸ் இல்லை. மார்கரீத்தா மீது தூவப்படும் பெக்கொரினோ ரொமானோ, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் கொண்டு தயாரிக்கப்படுவது. சைவச் சகோதரிகள் இதை அறிந்திருப்பது நல்லது.

மேசைக்கு வந்த தட்டைச் சகோதரி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருசம், மிஸ். கடையில உட்கார்ந்து, இன்னொருத்தர் கொண்டுவந்து வைக்கச் சாப்பிடுறது இன்றைக்குத்தான்" என்றார்.

சமூகவியல் படித்த எனக்கு அவருடைய நிலை புதிதல்ல. பிறரைப் பராமரிப்பவர்களைப் பராமரிக்க எவருமில்லை என்பதைக் கள ஆய்வுகளில் எத்தனையோ தடவை அவதானித்திருக்கின்றேன். எட்டு மணிக்கு முன்பே சாப்பிட்டு முடித்து, அவரைப் பேரூந்தில் ஏற்றிவிட்டேன்.

வெளிநாட்டில் பணிபுரியும் உங்கள் சகோதரியையோ மகளையோ பார்க்கப் போகின்றீர்களா? அவருக்கு எப்போது ஓய்வு என்று முதலில் கேளுங்கள். கடையை அதற்குப் பிறகு தெரிவுசெய்யலாம்.