தெருமுகத்து அறை யாருக்கு?

கடைத்தெருவில் ஒரு கட்டிடம் எழுந்தால், அதன் தரைத்தளத்தை எதற்கு விடுவது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. விற்பனைக் கடைகளுக்கே அதனை ஒதுக்கவேண்டும் என்பர் சிலர். வாடகை கொடுப்பவர் எவராயினும் விடலாம் என்பர் வேறு சிலர். இது நகரத்து வழக்கு, ஜவ்வாது மலைக்கு ஏன் என்று அங்கத்தினர்கள் எண்ணிவிடலாகாது. ஜமுனாமரத்தூரில் சாமையும் தேனும் புளியும் விற்பவருக்கும், மலைக்குக் கிழக்கே ஆரணியில் பட்டு நெய்பவருக்கும் இது பிழைப்பைத் தொட்ட கேள்வியாகும்.

ஒதுக்கீட்டை வேண்டுவோர் கூறும் காரணம் எளியது. சில்லறை வாணிகம் வழிப்போக்கரின் கண்ணை நம்பியது. வழக்கறிஞரையோ கணக்கரையோ நாடி வருபவர், முன்னரே முடிவு செய்து வருவதால் மாடிக்கும் ஏறுவர். தேன் வாங்கும் எண்ணமின்றி நடப்பவரோ, புட்டியைக் கண்டால்தான் நிற்பர். மேலும், ஒரு கடைக்கு வந்தவர் அடுத்த கடையிலும் நுழைவர். நடுவே சாத்திய கதவுகள் நீண்டால் பாதியிலேயே திரும்பிவிடுவர். சென்னை பாண்டி பஜாரின் நடைபாதை வணிகர்கள் 2013இல் மாநகராட்சியின் பல அடுக்கு வளாகத்திற்கு மாற்றப்பட்டபோது, மாடிக்கு வாங்குவோர் ஏறுவதில்லை என்ற குறையே எழுந்தது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. விதியினால் கடையை ஒதுக்கலாம். வாங்குவோரை வரவழைக்க இயலாது. தேவைக்கு மிஞ்சிக் கடைகளை ஒதுக்கினால் அவை பூட்டிக் கிடக்கும். முதியோர் நாடும் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் தரைத்தளம் வேண்டும். இதனை உணர்ந்தே போலும், சிங்கப்பூரின் நகர மறுசீரமைப்பு ஆணையம் குறிப்பிட்ட சில தெருக்களில் மட்டும் தரைத்தளத்தில் மக்கள் நடமாட்டத்தை உண்டாக்கும் தொழில்கள் அமையவேண்டும் என விதித்துள்ளது. அவற்றுள் கடையோடு உணவகமும் அடங்கும்.

இடம் மட்டும் போதாது. வாடகையும் தாங்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில், உழவருக்குக் கடை வாடகையின்றியே தரப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் மலைச் சங்கம் ஒன்றிற்கு நாம் கூறிய யோசனையை ஈண்டு மறைத்தல் முறையன்று. தெருமுகத்து அறையை ஓர் அலுவலகத்திற்கு விட்டு, விற்பனையை மாடிக்கு மாற்றுமாறு கூறினோம். வாடகை தவறாமல் வந்தது. ஏட்டைப் பார்த்து மகிழ்ந்தோம். மறு தணிக்கைக்குச் சென்றபோது மாடியில் சாமை அரிசிப் பொட்டலங்கள் தேங்கிக் கிடந்தன. தீட்டி விற்கவேண்டிய சாமையை அங்கத்தினர்கள் மீண்டும் தானியமாகவே வியாபாரிக்கு அளந்துகொண்டிருந்தனர். “சாமை கேட்டு யாருங்க ஐயா படியேறி வருவாங்க?” என்றார் மூத்த அங்கத்தினர் ஒருவர். வாடகை வரவில் ஏறியது. அவர்கள் இழந்த விலை எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. பிழை நம்முடையதே.

ஆதலின், சங்கங்கள் மூன்றைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். சந்தை நாளிலும் மற்ற நாளிலும் வாசலைக் கடப்போர் எத்தனை பேர்? நேரில் விற்றால் அங்கத்தினருக்குக் கிடைக்கும் கூடுதல் விலை ஆண்டுக்கு எவ்வளவு? விற்பனைச் செலவைக் கழித்தபின் அது வாடகையை விஞ்சுகிறதா? விஞ்சினால் அறையைக் கடைக்கே வைத்துக்கொள்க. நடமாட்டமற்ற சந்தாயின் வாடகைக்கு விடுவதில் குற்றமில்லை. ஐயமிருப்பின் முன்பாதியில் விற்பனையும் பின்பாதியில் அலுவலகமுமாக ஓராண்டு நடத்திப் பார்க்கலாம்.

எவ்வாறாயினும், இக்கணக்கைப் பேரவையில் படித்துக் காட்டியபின்பே முடிவு செய்தல் வேண்டும். சங்கத்தின் இலாபமும் அங்கத்தினரின் இலாபமும் எப்போதும் ஒன்றாகவே இருப்பதில்லை.